வேனுக்குள் ஒரு இன்வர்ட்டர்

சிங்கப்பூரில் கரண்ட் போவதே அபூர்வம், உனக்கு எதுக்குடா இன்வர்ட்டர் என்று மச்சான் கேட்பார். வேன் நிற்கிற இடத்தில் எல்லாம் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்ன? மைக்செட்டும் விளக்கும் ஓடியாக வேண்டும்.

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 600 வாட் எடுத்தால் 50 ஆம்பியர். இன்வர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 55, 60. அதனால் கேபிள் தடிமனாகவும் நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்கட்டும். இன்வர்ட்டர் பக்கம் வைத்தால், நடுவில் கேபிள் உரசி வேன் பாடியில் ஷார்ட் ஆகும்போது அது சும்மா வேடிக்கை பார்க்கும்.

பல இன்வர்ட்டர்கள் பேட்டரி 10.5 வோல்ட் பக்கம் இறங்கிய பிறகுதான் தானாக அணையும். லெட் ஆசிட் பேட்டரிக்கு அது ரொம்பத் தாமதம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மீட்டரை வைத்தால் 12.2 காட்டுகிறதா? பாதி காலி. நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். கூட வரும் பையன், “இன்னும் ஓடுதே அண்ணே” என்பான். ஓடும்தான். அடிக்கடி அப்படி ஓட்டினால் தகடுகளில் சல்பேட் இறுகி, புது பேட்டரிக்கு யார் காசு கொடுப்பது?

பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணீர் கூடாது. சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும். வேன் கதவு திறந்திருக்கும், சிகரெட்காரர்கள் தள்ளி நிற்கணும்.

கெட்டிலுக்கு மட்டும் என்னிடம் அனுமதியே கிடையாது. சாதாரணமாக 2000 வாட் இழுக்கிற சாமான் அது. டீ வேண்டுமானால் காப்பிக்கடையில் தே சி (எவாப்பரேட்டட் பால் ஊற்றிய டீ) வாங்கிக்கொள்ளலாம்.