ஹங்வெல்லக் கோட்டை: காலிக் கோட்டையைத் தேடிப் போகாதீர்கள்

காலிக் கோட்டை மாதிரி கல்மதிலைத் தேடிப் போகிறவர்களுக்கு ஹங்வெல்ல ஏமாற்றம்தான். போர்த்துக்கேயர் பிடித்த இடம், ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது; இன்று மிச்சம் மண்மேடும் அகழித் தடமும்தான். நடுவில் பழைய வாடிவீடு.

கொழும்பிலிருந்து 30 கிலோமீட்டர் அளவு. கடுவெல வழியாக லோலெவல் வீதியில் போகும் ஹங்வெல்ல பஸ்ஸைப் பிடியுங்கள். இறங்கி ஓட்டோக்காரரிடம் 'கோட்டை' என்றால் கொழும்புக் கோட்டையைத்தான் நினைப்பார். வாடிவீட்டின் சிங்களப் பெயரான 'தானாயம' என்று கேளுங்கள்.

முதலில் ஆற்றங்கரைக்குப் போய் நில்லுங்கள். ஒரு பக்கத்தைக் களனி கங்கையே காக்கிறது, மற்றப் பக்கங்களுக்குத்தான் அகழி. கண்டியிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வழியை மறிக்க இதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. 1803 செப்டெம்பரில் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் படையை ஆங்கிலேயர் இங்கேதான் முறியடித்தார்கள். பின்வாங்கிய தளபதி லெவ்கேயின் தலையை மன்னனே வெட்டுவித்தான்.

அகழியில் செடி மண்டினால் வெறும் பள்ளம் போலத் தெரியும். மேட்டின் மேல் நின்று பார்த்தால்தான் அது திரும்பும் கோணம் பிடிபடும். செருப்புக்குப் பதில் சப்பாத்து போடுங்கள், மழை பெய்தால் அந்தச் சரிவு வழுக்கும். மே, ஜூனில் ஆறு பெருகும். வெள்ள எச்சரிக்கையில் ஹங்வெல்ல நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். ஒரு மணித்தியாலம் போதும்.