பாட்டி பார்த்த பராசக்தி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. பினாங்கின் ஆயிர் ஈத்தாம் மலை கண்ணுக்கே தெரியவில்லை. வெளியே போக வழியில்லாமல் என் மகன் சோபாவில் படுத்துக்கொண்டு கைபேசியில் 'பராசக்தி' பார்த்தான். கல்லூரி விழாவில் யாரோ அந்த நீதிமன்ற வசனத்தைப் பேசினார்களாம், சரி, முழுப் படத்தையும் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்திருக்கிறான். அதுவும் ஒன்றேகால் வேகத்தில். சிவாஜி பேசுகிற வேகம் போதாதாம்! நான் துணி மடித்தபடியே காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, இந்த மூணு பேருக்கும் எந்த நாட்டு பாஸ்போர்ட்?" என்றான்.

எழுபது வருஷத்துக்கு மேலாக இந்தப் படத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். 1952 தீபாவளிக்கு வந்தது, சிவாஜிக்கு முதல் படம், கலைஞர் வசனம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மலேசியப் பிள்ளைக்குத்தான் அது முதலில் தோன்றும் போலிருக்கிறது.

கதை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் தம்பி மூன்று பேர் ரங்கூனில் இருக்கிறார்கள். மதுரையில் தங்கைக்குக் கல்யாணம். போர்க்காலம் என்பதால் ஒரே ஒரு கப்பல் டிக்கெட்தான் கிடைக்கிறது. கடைசித் தம்பி குணசேகரன் கிளம்புகிறான். கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சென்னையில் இறங்கியவனை ஒருத்தி மயக்கி, வைத்திருந்ததை எல்லாம் பிடுங்கிக்கொள்கிறாள்.

ஊருக்குப் போய்வந்த எங்கள் ஆட்களிடம் இதே மாதிரி ஒரு கதையாவது இருக்கும். என் தாத்தா 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் போய் இறங்கினார். இரும்புப் பெட்டி நிறையச் சேலையும் டார்ச் லைட்டும். திரும்பி வரும்போது பெட்டிகூட இல்லை. திருடன் யாரும் கொண்டுபோகவில்லை, எல்லாம் சொந்தக்காரர்கள்தான். மலேயாக்காரன் வந்திருக்கிறான் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டதாம்.

மகனுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பர்மாவை 1937இல் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரித்தார்கள், ஆனால் அதுவும் இதுவும் மலாயாவும் வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தன. எந்தக் கரையில் இறங்கினாலும் ஒரே ராஜா. அப்புறம் அவனவன் நாடு அவனவனுக்கு என்று ஆனபோதுதான் நம் ஆட்கள் எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்தது. என் பாட்டி இரண்டு வயதில் கப்பலில் வந்தவர். நிபோங் தெபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, பால் மரம் வெட்டி, ஆறு பிள்ளை பெற்று, 1996இல் இங்கேயேதான் செத்தார். கடைசிவரை கையில் இருந்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை.

அந்தப் பாட்டியோடுதான் இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தேன்.

நீதிமன்றக் காட்சி பாட்டிக்கு ஒரு பொருட்டே இல்லை. எல்லாரும் கைதட்டும்போது வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். அவர் கண் வைத்தது நடு அண்ணன் ஞானசேகரன் மேல்தான். ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும் 1942இல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே கிளம்பினார்கள். படத்தில் மற்ற இரண்டு அண்ணன்களும் அப்படித்தான் வருகிறார்கள். நடந்து வந்தவர்களில் மூத்தவர் நீதிபதி. நடுவர் குண்டுவீச்சில் ஒரு காலை இழந்து பிச்சைக்காரர். டிக்கெட் கிடைத்தவனோ பைத்தியக்கார வேஷம் போட்டுத் திரிகிறான். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே! கோயில், பூசாரி, பகுத்தறிவு என்று இந்தப் படத்தைப் பேசும்போது இதை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். நானும் ரொம்ப நாள் தாண்டித்தான் போனேன்.

பாட்டிக்கு ஒரு தம்பி இருந்தார். 1943இல் பத்தொன்பது வயது. டவுனில் இலவசப் படம் காட்டுகிறார்கள் என்று ஜப்பான்காரன் சொல்ல, நாலைந்து இளவட்டங்களோடு போனார். கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். லாரி, அப்புறம் ரயில், அப்புறம் சயாம். இப்படிப் படம் காட்டி ஆள் பிடித்த கதை எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை, அந்தக் காலத்து முதியவர்கள் பலர் சொன்னதுதான். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளம் அந்த வருஷம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. போர் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் சிலர்தான். காலில் புண் வந்து அழுகி, காலையே எடுத்துவிட்ட ஒருவரும் அதில் இருந்தார். தம்பியைப் பற்றி அவருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு பாட்டி சினிமாக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடும்போது மட்டும் பார்ப்பார். பராசக்தியையும் அங்கேதான் முதலில் பார்த்திருக்கிறார். திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்ததால் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்ததாம். எழுத்துத் தெரியாத எனக்கு எந்தப் பக்கமானால் என்ன என்று சிரிப்பார்.

1985இல் அப்பா வீடியோ டெக் வாங்கினார். முதல் சனிக்கிழமையே பினாங்கு ஸ்திரீட் கடையிலிருந்து பராசக்தி கேசட் வாடகைக்கு வந்தது. லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் எங்கள் வீட்டில். கோப்பி போட்டு மாளவில்லை. ஏழு மணியானதும் கொசு பிய்த்து எடுத்தது. அப்பா எழுந்து கதவைச் சாத்தப் போனார்.

"டேய், கதவச் சாத்தாத."

அப்பா ஒன்றும் சொல்லாமல் கொசுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குக் கோபம், காலெல்லாம் கடி. பாட்டி நாற்காலியை விட்டு எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். ஞானசேகரன் ஊன்றுகோலோடு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். பாட்டியின் ஒரு கால் வெளியே, மண்ணில் இருந்தது.