அவளே தச்ச பாவாடை

அமெரிக்கால லிட்டில் ராக் ஊர்ல, அதுவரைக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைங்க மட்டும் படிச்ச ஸ்கூல்ல ஒன்பது கருப்பினப் பிள்ளைங்க சேரப் போன கதைன்னாலே எல்லாரும் காட்டுற அந்த போட்டோவ நேத்து ராத்திரி மறுபடி பார்த்துட்டு இருந்தேன். பின்னாடி கத்திக்கிட்டு வர்ற வெள்ளைக்காரக் கூட்டத்த விட்டுட்டு இந்த தடவ அந்தப் பொண்ணு போட்டிருந்த பாவாடையவே பார்த்தேன். வெள்ளைத் துணி, அடியில கட்டம் போட்ட துணில அகலமா பார்டர், கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி. எலிசபெத் எக்ஃபோர்டுக்கு அப்ப 15 வயசு. புது ஸ்கூல்ல முதல் நாள்னு அவளே தச்சுப் போட்டுட்டு வந்தா. 1957 செப்டம்பர் 4. ஒன்பது பேரும் சேர்ந்து போலாம்னு முந்தின ராத்திரி முடிவு பண்ணிருக்காங்க, இவ வீட்ல போன் இல்ல, சேதி வரல, தனியா போய் நின்னா. கவர்னர் நிறுத்தி வச்ச சிப்பாய்ங்க உள்ள விடல, திரும்பி நடந்து பஸ் ஸ்டாப் பெஞ்சுல போய் உக்காந்தா.

அந்த ஒன்பது பேர்ல ஆறு பேர் பொண்ணுங்க, இது எனக்கே லேட்டாதான் உறைச்சுது. அப்புறம் ஜனாதிபதி ஐசன்ஹோவர் அனுப்பின ராணுவம் வந்து கிளாஸ் வாசல் வரைக்கும் கூடவே போச்சு சரி, ஆனா பொண்ணுங்க பாத்ரூமுக்குள்ளயும் ஜிம் லாக்கர் ரூமுக்குள்ளயும் அந்த ஆம்பளைங்க எப்படி வருவாங்க? அங்க இவங்கள காப்பாத்த யாருமில்ல. பாட்டு, நாடகம், டான்ஸ் எதுலயும் சேரக்கூடாதுன்னு வேற கண்டிஷன், அந்த வயசுப் பொண்ணுக்கு ஸ்கூல்னா பாதி அதுதானே!

இதுல யார் என்ன பண்ணாலும் திருப்பிப் பேசாம அடக்க ஒடுக்கமா இருக்கணும். எலிசபெத் எப்படியோ இருந்தா. அந்த ஆறு பொண்ணுங்கள்ல இன்னொருத்தி, மின்னிஜீன் பிரவுனால முடியல (எனக்கு அவளத்தான் ரொம்பப் பிடிக்கும்). டிசம்பர்ல கேன்டீன்ல பசங்க நாற்காலிய தள்ளி வழிமறிச்சுக்கிட்டே இருக்க, தட்டுல இருந்த சில்லிக் குழம்பு ரெண்டு பேர் மேல கொட்டுச்சு, ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் சமையல்கட்டுல வேலை பார்த்த கருப்பினப் பொம்பளைங்க கை தட்டிட்டாங்க. இவள சஸ்பெண்ட் பண்ணாங்க. பிப்ரவரில மறுபடி ஒரு பிரச்சனை, இவ வாய் திறந்து திட்டிட்டான்னு மொத்தமா வெளிய அனுப்பிட்டாங்க, உடனே 'ஒண்ணு போச்சு, இன்னும் எட்டு'ன்னு கார்டு அடிச்சு ஸ்கூல் ஃபுல்லா சுத்த விட்டிருக்காங்க.

நியூயார்க்ல ஒரு ஸ்கூல் இடம் குடுத்துச்சு. தங்கினது மனோதத்துவ நிபுணர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி வீட்ல, கருப்பினப் பிள்ளைங்க முன்னாடி வெள்ளை பொம்மையையும் கருப்பு பொம்மையையும் வச்சு எது நல்ல பொம்மைன்னு கேட்டாங்களே, அவங்களேதான்.