கூரை மட்டும் கிடைக்குமா?

போன சனிக்கிழமை காலை, தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் நின்றிருந்தார். தெருவில் நிற்கிற என் காரைக் காட்டி, அது என்னுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விற்கிற எண்ணம் உண்டா என்றார். இல்லை என்றேன். "நான் காரைக் கேட்கவில்லை. மேலே இருக்கிற கூரையை மட்டும் கொடுப்பீர்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தால், அதற்குள் மனைவி முடிவே எடுத்திருந்தாள். "குடுத்துடுங்க. அந்தக் காசுல ரெண்டு பேரும் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்."

இங்கே இங்கிலாந்தில் மதியம், அம்மாவிடம் வீடியோவில் சொன்னேன். கடலூரில் அப்போது இரவு. அம்மா கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தார். "கூரையைக் கழட்டி வெக்கிற மாதிரி எவன்டா கார் செய்வான்? தானே புயல்ல நம்ம வீட்டு ஷீட்டு பறந்தது பத்தாதா?" என்றார். 2011 டிசம்பர் 30 விடியற்காலையைப் பார்த்த யாருக்கும் கூரை என்றால் அந்த நினைப்புதான் முதலில் வரும். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை அம்மா இன்னும் நேற்று நடந்தது போலச் சொல்வார்.

கார், மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். 2016-இல் பத்து லட்சமாவது வண்டியைச் செய்து முடித்தார்கள். என்னுடையது 1997 வரை வந்த முதல் தலைமுறை. விளக்கைப் போட்டால் முன்பக்கம் மூடியிருக்கிற இரண்டு விளக்கும் எழுந்து நிற்கும். இந்தக் காருக்கு இரண்டு கூரை. ஒன்று துணி, இருக்கைக்குப் பின்னால் மடிந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று ஹார்ட்டாப். நார் கலந்து வார்த்த கெட்டியான கூரை, பின்பக்கம் கண்ணாடி வைத்தது. முன் கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு கொக்கி, பக்கத்துக்கு ஒன்று, பின்னால் பிடிமானம். எல்லாவற்றையும் விடுவித்து, கண்ணாடியைச் சூடாக்குகிற ஒயரையும் கழற்றிவிட்டால் அப்படியே தூக்கி எடுக்கலாம். எடை இருபது கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.

ஒரு அரிசி மூட்டை அளவு கூட இல்லையே, ஒரே ஆள் தூக்க முடியாதா என்று தோன்றும். முடியாது. அகலம் அப்படி. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, பின்பக்கத்தை முதலில் கிளப்பி, காரின் பெயின்ட்டில் உரசாமல் பின்னோக்கி நடந்து இறக்க வேண்டும். காற்றில்லாத நாளாகவும் பார்க்க வேண்டும். சொந்தமாக கராஜ் உள்ளவர்கள் உத்தரத்தில் கப்பி கட்டித் தனியாகவே தூக்கிவிடுகிறார்கள். எங்களுடையது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. கராஜும் கிடையாது, கப்பி மாட்ட இடமும் கிடையாது.

இதுவரை எனக்கு அந்தக் கவலை இருந்ததில்லை, பக்கத்து வீட்டுப் பெரியவர் இருந்ததால். நான் இருப்பது கோவென்ட்ரி. அவர் இளவயதில் இங்கே கேன்லியில் இருந்த ட்ரையம்ப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1980-இல் அங்கே கார் செய்வது நின்ற பிறகு வேறு வேறு வேலைக்குப் போயிருக்கிறார். முதல் வசந்தத்தில் நான் கொக்கிகளைத் தளர்த்திவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, கேட்காமலேயே வெளியே வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். இறக்கி வைத்ததும் எந்த ஊர் என்று கேட்டார். கடலூர் என்றேன், தெரியவில்லை. பாண்டிச்சேரிக்குத் தெற்கே என்றேன், அதற்கும் முகம் மலரவில்லை. கடைசியில் மெட்ராஸ் என்றதும், "ஓ, ஹெரால்டு செய்த ஊர்!" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். மஞ்சக்குப்பத்தில் எங்கள் டாக்டரிடம் வெள்ளை ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. காய்ச்சலோடு போகிற பிள்ளைகள் எல்லாம் ஊசிக்குப் பயந்து அந்தக் காருக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்வோம். அது கோவென்ட்ரியில் 1959-இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டு. மெட்ராஸில் 1961-லிருந்து ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தார்கள். பின்னாளில் நம் ஊருக்கென்று நாலு கதவு வைத்தும் வந்தது. அதன் கூரையும் போல்ட் போட்டு மாட்டியதுதான் என்று பெரியவர் சொன்னார். கழற்றினால் திறந்த கார் ஆகிவிடுமாம். அதே காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கி அதன் மேல் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அந்த மாதிரிப் பழைய ஆங்கிலேய வண்டிகளை மனதில் வைத்துத்தான் ஜப்பான்காரர்கள் மாஸ்டாவைச் செய்தார்கள். ஆக, டாக்டர் வீட்டு வாசலில் நின்ற கார், என் வாசலில் நிற்கிற காருக்குத் தூரத்துச் சொந்தம். அன்றைக்கு அந்தத் தெரு எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் ஏப்ரலில் கூரையை இறக்க அவர், அக்டோபரில் ஏற்ற அவர். வேலை முடிந்ததும் என் வீட்டில் இஞ்சி டீ, அவர் வீட்டில் பிஸ்கட். போன குளிர்காலத்தில் அவர் மகள் வீட்டோடு போய்விட்டார், ரொம்ப தூரம். வீட்டை விற்றுவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் நல்லவர்கள்தான். பார்த்தால் தலையசைப்பார்கள், பார்சல் வந்தால் வாங்கி வைப்பார்கள். ஆனால் இங்கே ஒருவரிடம் உதவி கேட்க முதலில் மெசேஜ், பிறகு நாள், பிறகு நேரம், பிறகு வானிலை. அத்தனையும் பொருந்துவதற்குள் வெயில் போய்விடுகிறது. இந்தக் கோடை முழுவதும் கூரை இறங்கவேயில்லை. திறந்து ஓட்டுவதற்கென்றே செய்த காரை ஜூலை மாதத்தில் மூடி ஓட்டியது எனக்குத் தாங்கவில்லை.

இந்த நாட்டில் எனக்கு ஒரே ஒரு குறை சொல்ல இடம் கொடுத்தால் இதைத்தான் சொல்வேன். குளிர் பழகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டுவது பழகிவிட்டது. சாம்பாருக்கு முருங்கைக்காய் கூடக் கிடைக்கிறது. மறுபக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லாதது மட்டும் பழகவில்லை. நெல்லிக்குப்பம் பக்கம் பாட்டி வீடு கீற்றுக் கூரை. சித்திரையில் பழைய கீற்றைப் பிரித்துப் புதிதாக மேய்வார்கள். யாரையும் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டாம். தாத்தா ஏணியைச் சாத்துகிற சத்தத்துக்கே எதிர்வீட்டு மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். "ஏய், ஒரு கை புடி" என்றால் தெருவில் சைக்கிளில் போகிறவர் கூட இறங்குவார். சின்னப் பிள்ளைகள் கீற்று எடுத்துக் கொடுப்போம். காராமணிக்குப்பம் திங்கட்கிழமைச் சந்தையில் வாங்கிய கருவாட்டில் பாட்டி குழம்பு வைப்பாள். மதியம் அத்தனை பேருக்கும் இலை. ஒருநாள் மட்டும் வீட்டுக்குள்ளேயே படுத்து வானத்தைப் பார்க்கலாம் என்று நாங்கள் கூரை போடுவதைத் தள்ளிப்போடச் சொல்லி அழுததும் உண்டு.

சரி, காருக்கு வருகிறேன். விற்பதா வேண்டாமா?

விற்கச் சொல்கிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இறக்கினால் வைக்க இடம் வேண்டும். நம் ஊர் வீடு என்றால் பரண், மாட்டுக்கொட்டகை, மொட்டைமாடி அறை என்று எங்காவது போட்டுவிடலாம். இங்கே அது கூடத்தில், பழைய ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நிற்கும். அது நிற்கிற இடத்தில்தான் மனைவி கொலு வைப்பாள். குண்டும் குழியுமான ரோட்டில் கொக்கிப் பக்கம் கிறீச்சென்று சத்தம் வரும். காரின் உச்சியில் இருபது கிலோ கூடுகிறது, வளைவில் கூர்ந்து ஓட்டுபவர்களுக்கு அது தெரியும்.

இருந்தாலும் துணிக் கூரையை மட்டும் நம்பி இங்கே குளிர்காலத்தைக் கடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த முதல் தலைமுறைத் துணியில் பின் ஜன்னல் பிளாஸ்டிக். குளிரில் விறைத்துவிடும், அப்போது மடித்தால் வெடிக்கும், நாளாக ஆக மங்கும். அதில் சூடாக்குகிற கம்பியும் கிடையாது. ஜனவரி காலையில் ஹார்ட்டாப்பின் கண்ணாடி ஒரு பட்டனில் தெளிந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் பேசினால் காதில் விழுகிறது. ராத்திரி தெருவில் நிற்கிற காரின் துணியை எவனாவது கத்தியால் கிழித்துவிடுவானோ என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வருடத்தில் பாதி நாள் துணி மழையில் நனையாததால் அதன் ஆயுளும் கூடுகிறது. ஒன்றே ஒன்று: துணியை ஈரத்தோடு மடித்து ஹார்ட்டாப்பை மாட்டக் கூடாது, பூஞ்சை பிடித்துவிடும். இருக்கைக்குப் பின்னால் தண்ணீர் இறங்குகிற இரண்டு ஓட்டைகளையும் எந்தக் கூரை மாட்டியிருந்தாலும் சுத்தம் செய்ய வேண்டும். இலை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள தகட்டுக்குள் போய் உள்ளிருந்தே துரு ஏறும். இந்தக் கார்கள் சாவது பெரும்பாலும் அப்படித்தான். இந்த மாடலுக்கு மாஸ்டாவின் ஹார்ட்டாப் இனிப் புதிதாக வராது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டி ஏன் அவ்வளவு தொகை சொன்னார் என்று விளங்கும். டிக்கெட் காசை அடுத்த வருடமும் சேர்க்கலாம். இது கைவிட்டுப் போனால் போனதுதான்.

திறந்து ஓட்டுவதையும் விட முடியாது. ஜூன் மாதம் இங்கே ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கூரையில்லாமல் வயல் ஓரமாகப் போனால், வெட்டிய புல் வாசனையோடு காற்று முகத்தில் அடிக்கும். கோவென்ட்ரி, இங்கிலாந்தில் கடலிலிருந்து மிகத் தள்ளி இருக்கிற ஊர்களில் ஒன்று. அந்தக் காற்றில் உப்பு கிடையாது. ஆனாலும் ஒரு வளைவு திரும்பும்போது அப்பாவின் டிவிஎஸ் 50-இல், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்குப் போகிற மாதிரியே இருக்கும். அலைச் சத்தம் கேட்பதற்கு முன்பே காற்று மாறிவிடும், அப்பா திரும்பாமலேயே "வந்தாச்சு" என்பார்.

ஞாயிறன்று அந்த மனிதருக்குப் போன் செய்து, கூரை விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்பட்டார், ஆனால் புரிந்துகொண்டார். பிறகு இரண்டு தெரு தள்ளி இருக்கிற நெய்வேலித் தம்பியைக் கூப்பிட்டேன். வார்விக் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், கோவில் அன்னதானத்தில் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும், "அவ்ளோதானேண்ணா? வர ஞாயித்துக்கிழமை காலையிலயே வந்துடறேன். அண்ணிகிட்ட கருவாட்டுக் குழம்பு வெக்கச் சொல்றீங்களா?" என்றான்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: நவராத்திரிக்கு முன்னால் கூரை மறுபடி காரில் ஏறிவிட வேண்டும், கொலுப்படிக்கு இடம் வேண்டும். அதற்கும் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். கருவாடு இங்கே ஒரு இலங்கைக் கடையில் கிடைக்கிறது, வெள்ளிக்கிழமை போய் வாங்க வேண்டும்.