தும்பிக்கை இழந்த லை

அம்மா எனக்கு எழுதிய பழைய இன்லண்ட் கடிதங்களைச் சென்ற வாரம் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். கடகடவென்று படித்துக்கொண்டு போனவள் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். "இது என்ன எழுத்துப்பா? ல மாதிரி இருக்கிறது, முன்னால் ஏதோ சுருட்டிக்கொண்டு நிற்கிறதே" என்றாள். 'தலையணை' என்ற சொல் அது. ஐகாரத்துக்கான சங்கிலிக் கொம்பைத் (ை) தனியாகப் போடாமல், யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல் எழுத்தோடு ஒட்டிய சுழியாக எழுதும் பழைய வடிவம் அந்த ஒரே சொல்லில் இரண்டு இடத்தில் வந்திருந்தது.

அந்தத் தும்பிக்கையை எடுத்தது 1978 அக்டோபர் 19 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை. பெரியார் 1935இலேயே தம் 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்தத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை, அவருடைய நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். அரசு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை என 13 எழுத்துகள் மாறின. ஐகாரத்தை 'அய்' என்றும் ஔகாரத்தை 'அவ்' என்றும் எழுதும் யோசனை ஆணையில் இடம்பெறவில்லை. தும்பிக்கையோடு எழுதப் பழகிவிட்டுத் தொடக்கப் பள்ளியிலேயே அதைக் கைவிட்ட தலைமுறை என்னுடையது. அம்மா கடைசிவரை கைவிடவில்லை.

பெரியப்பா ஒரு சிறிய அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது அச்சுக்கோப்பவராக இருந்தார். எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக் என்ற சிறு தட்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு, மரப்பெட்டியின் அறைகளிலிருந்து ஈய எழுத்துகளை ஏறிட்டும் பார்க்காமல் வலக்கையால் பொறுக்கி, தலைகீழாக அடுக்கிக்கொண்டே போவார். கை, தை, மை போன்றவற்றுக்குக் கொம்பு ஓர் அச்சு, க, த, ம ஓர் அச்சு என இரண்டைச் சேர்த்தால் போதும். லை, னை போன்ற நான்குக்கு மட்டும் தனித்தனி அறை வேண்டும். "இல்லை, என்னை, உன்னை என்று எழுதாத ஆள் யார்? நாலு பக்கம் கோப்பதற்குள் லை அறை காலியாகிவிடும். பிறகு அச்சான பக்கத்தைப் பிரித்துப் போடும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்" என்பார். அரசாணையின் பட்டியலில் எழுத்துகள் 13 என்றாலும், ணொ, ணோ வகையறாக்களைக் கொம்பும் ணாவும் சேர்த்தே கோத்துவிடலாம் என்பதால், அவருடைய பெட்டியில் மிச்சமானவை ஏழு அறைகள். சீர்திருத்தம் என்ற சொல்லுக்கு அவர் அறிந்த பொருள் அந்த ஏழு அறைகள்தாம்.

ஒரு மாற்றத்தை வளர்ச்சி என்று அழைப்பதற்கு முன் யாருடைய கையிலிருந்து எந்தச் சுமை இறங்கியது என்று கேட்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. லை விஷயத்தில் விடை தெளிவானது: கம்பாசிட்டருக்கு அறை குறைந்தது, கை, தை எழுதக் கற்ற குழந்தைக்கு லை, னைக்கென்று தனி விதி தேவைப்படாமல் போயிற்று. இழப்பென்று பார்த்தால், என் மகள் ஒரு சொல்லில் அரை நிமிடம் தடுமாறினாள், அவ்வளவுதான். அடுத்த கடிதத்தில் அவளே தும்பிக்கையை அடையாளம் கண்டுகொண்டாள். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டும் வடிவங்களை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தந்தது இதைவிடப் பெரிய காரியம். குறிலுக்குப் புள்ளி வைக்கும் விதி தொல்காப்பியத்திலேயே இருந்தாலும், புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடுமோ என்ற அச்சத்தில் ஏடெழுதியவர்கள் அதை விட்டுவிடுவார்கள் என்பதால், குறிலா நெடிலா என்று படிப்பவரே இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இறக்கிய மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இதே தருக்கத்தை நீட்டி, உகர ஊகார வரிசையின் 36 உயிர்மெய்களையும் ஒரே வகைக் குறியீட்டால் எழுத வேண்டும் என்ற கருத்து எழுந்தபோது எனக்கு உடன்பாடு ஏற்படவில்லை. வா. செ. குழந்தைசாமி போன்ற அறிஞர்கள் அதை வலியுறுத்தினார்கள். கு, சு, து, ணு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைவது குழந்தைக்குச் சுமை என்ற அவர்கள் வாதத்தில் உண்மையும் இருக்கிறது. நாற்பதுகளில் இதைச் செய்திருந்தால் பெரியப்பாவுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள் மிச்சமாகியிருக்கும். இன்று அந்தப் பெட்டியே இல்லை. கணினி எழுத்துகளைப் பதியும் ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கு' என்பது ககரமும் உகரக் குறியும் ஆகிய இரண்டு குறியீடுகளாகவே பதிவாகிறது. திரையில் அது எப்படி வளைந்து தோன்ற வேண்டும் என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்கிறது. பெருமளவு சுமை கருவிக்குப் போய்விட்ட பின், அச்சான நூல்கள் அனைத்தையும் அடுத்த தலைமுறைக்கு அந்நியமாக்கிவிட்டு 36 எழுத்துகளை மாற்றுவதில் எவருடைய கைக்கு ஓய்வு கிடைக்கும்? லையை மாற்றியபோது நான்கு விதிவிலக்குகள் பொதுவிதிக்குள் வந்தன. இங்கோ ஒரு வரிசை முழுவதையும் புதிதாகப் படைக்க வேண்டும். முன்னது வெற்றி பெற்றது என்பதே பின்னதற்குச் சான்றாகிவிடாது.

மகளிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "அப்படியென்றால் எழுத்துருவை மட்டும் மாற்றினால் பாட்டியின் லையைக் கணினியில் கொண்டுவந்துவிடலாமாப்பா?" கொண்டுவரலாம். எழுத்துருவை வடிவமைப்பவர் தும்பிக்கையை வரைந்து வைத்தால் போதும். உள்ளே இருக்கும் குறியீடு மாறப்போவதில்லை. கடிதத்தின் 'தலையணை'யைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு அதன்மேல் விரலை ஓட்டி வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.