அழுவதை விட்டுவிட்டுச் சட்டையை மடித்தேன்

நாடகப் பயிற்சியில் முதல் பருவத்தில் எனக்குக் கிடைத்த காட்சி: இறந்துபோன அப்பாவின் சட்டைகளை மகள் மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். வசனம் நான்கே வரி. நான் அழுதேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் முந்தினதைவிடக் கூடுதலாக அழுதேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பயிற்றுநர் கேட்டார்: "இந்தப் பொண்ணுக்கு இப்ப என்னம்மா வேணும்?"

"துக்கத்துல இருக்கா சார்."

"அது அவ நிலைமை. அவளுக்கு என்ன வேணும்?"

அன்று இரவு முழுக்க அதையே யோசித்தேன். அம்மா அறைக்குள் வருவதற்குள் பெட்டியை மூடிவிட வேண்டும், அவள் இந்தச் சட்டைகளைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்தேன். மறுநாள் அழ முயலவே இல்லை, மடித்தேன். காலர் சரியாக உட்காரவில்லை. பிரித்து மறுபடி மடித்தேன். மூன்றாவது முறை கை தானாக நின்றுவிட்டது. அறை அப்படியே உறைந்துபோனது.

ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) தன் கடைசி ஆண்டுகளில் இதைத்தான் வலியுறுத்தினார் என்று பிறகு படித்தேன்: உணர்ச்சியைத் துரத்தாதே, உடல் செய்யும் சின்னச் சின்னச் செயல்களின் வழியே போ, அது வந்து சேரும்.

அடுத்த பருவத்தில் என்னை ஸ்டேஜ் மேனேஜர் ஆக்கினார்கள், அதாவது மேடைக்குப் பின்னாலிருந்து நாடகத்தை நடத்திச் செல்பவர். நடிக்க முடியவில்லையே என்று மனசு கனத்தது உண்மை. ஆனால் நாடகம் எப்படி நிற்கிறது என்பதை அங்கேதான் கற்றேன். ஸ்டேஜ் மேனேஜரின் குறிப்பேடான பிராம்ப்ட் புக்கில் ஒரு பக்கம் பிரதி, எதிர்ப்பக்கம் வெறுமை. அந்த வெறுமையில் யார் எந்த வரியில் எங்கே நகர்கிறார் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். பேனாவே கூடாது, நாளைக்கே எல்லாம் மாறும். இடது வலது என்பது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகருடையது. இது கைக்கு வரவே எனக்கு ஒரு வாரம் ஆனது. நாற்காலிக் கால்கள் நிற்கும் இடங்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்தேன்.

விளக்கையும் ஒலியையும் சரிபார்க்கும் ஒத்திகையான டெக் ரிகர்சலில் வசனங்களைத் தாண்டித் தாண்டி, ஒரு கியூவிலிருந்து (விளக்கோ ஒலியோ மாற வேண்டிய தருணம்) அடுத்த கியூவுக்குப் போவோம். எங்கள் 25 நிமிட நாடகத்தில் 31 கியூக்கள். முடிக்க ஆறு மணி நேரம். ஹெட்செட்டில் "ஸ்டாண்ட்பை" என்று எச்சரித்துவிட்டு, சரியான நொடியில் "கோ" என்பேன். அந்தச் சொல்லை வேறு எதற்கும் வாயில் எடுக்கக்கூடாது. பேச்சுவாக்கில் சொன்னாலும் விளக்கு மாறிவிடும்.

கடைசிக் கியூவை "போகலாம்" என்ற வசனத்துக்கு எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் நடிகன் "போகலாம்" என்றான், நான் "கோ" என்றேன். விளக்கு இறங்கும்போதுதான் பார்த்தேன்: அவன் கை கதவு நிலையைப் பிடித்தபடி நின்றது. ஒத்திகையில் இல்லாதது, அன்றுதான் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அது இருட்டில் போய்விட்டது. அழுது கெடுத்த என் காட்சி ஞாபகம் வந்து நெஞ்சை அடைத்தது. மறுபடியும் செயலைப் பார்க்காமல் சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே அந்தக் குறியை அழித்து, "கை நிலையை விடும்போது" என்று எழுதினேன்.

இரண்டாம் நாள். "போகலாம்" என்றான். நான் பேசவில்லை. விளக்குப் பலகையில் இருந்தவள் ஹெட்செட்டில் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. கை அசையவில்லை. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மரத்திலிருந்து விலகின.

"கியூ 31, கோ."