வருகைப் பதிவேட்டில் இல்லாத காரணம்

கல்லூரி மாணவி கர்ப்பம் என்று கேட்டவுடன் கல்யாணமாகாத ஒரு பெண்ணையும் ஒரு காதல் கதையையும்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சிற்றூர்க் கலை அறிவியல் கல்லூரியில் மாணவியர் நலக் குழுவைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். என்னிடம் இந்த விஷயமாக வந்தவர்களில் பெரும்பாலானோர் தாலி கட்டியவர்கள். (இங்கே நான் சொல்கிறவர்களின் அடையாளங்களை மாற்றியும் கலந்தும்தான் எழுதுகிறேன்.) முதலாண்டு முடிந்து வைகாசியில் கல்யாணம் நடக்கும். 'படிப்பை நிறுத்த மாட்டோம்' என்று பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளை வீட்டார் வாக்குக் கொடுத்திருப்பார்கள். வாக்குத் தவறாமல் அனுப்பவும் செய்வார்கள். நவம்பர் செமஸ்டர் நெருங்கும்போது அவளுக்கு மூன்றாம் மாதம். ஏழரை மணி டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் பாதி வழியில் குமட்டுகிறது. வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள். பதிவேட்டில் 'ஏ' விழும். ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடம் கிடையாது.

இந்த 'ஏ'க்களின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீத வருகை கட்டாயம் என்றால் 22 நாள் வரை வராமல் இருக்கலாம். மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணமும் கட்டினால் 65 சதவீதம் வரை இறங்கலாம், அதாவது 31 நாள். அதற்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் இல்லை. பிரசவமும் அதற்குப் பிந்திய ஓய்வும் இந்த 31 நாளுக்குள் அடங்கிவிட வேண்டும். அதே வளாகத்தில் பாடம் நடத்தும் அரசு ஊழியையான பேராசிரியைக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். எங்கள் ஆசிரியர் அறையில் இதை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். 'நமக்கு அது வேலை, அவளுக்குப் படிப்புதானே' என்று ஒருவர் சொன்னார். பிள்ளை பெறுகிற உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்று கேட்டேன். டீ வந்துவிட்டது, பேச்சு மாறிப்போனது.

மேலிடத்திலிருந்து எதுவுமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2016-ஆம் ஆண்டு விதிகளிலேயே எம்.ஃபில்., பிஎச்.டி. மாணவியருக்குப் படிப்புக் காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேறு விடுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்துவிட்டது. இளநிலை, முதுநிலை மாணவியருக்கு அப்படி ஓர் எண் இல்லை. 2021 டிசம்பர் 14-ஆம் தேதி எழுதிய கடிதத்தில், அவர்களுக்கும் வருகைத் தளர்வு, தேர்வு விண்ணப்பத் தேதி நீட்டிப்பு போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகங்களே உரிய விதிகளை வகுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதோடு சரி. கோட்டயத்திலுள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் 18 வயது நிறைந்த இளநிலை, முதுநிலை மாணவியருக்கு 60 நாள் விடுப்பு தர முடிவெடுத்தது. மீரட் பல்கலைக்கழகத்தில் எம்.எட். படித்த ஒரு பெண் 59 நாள் விடுப்புக்காக டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. படிக்கும் உரிமையா, பிள்ளை பெறும் உரிமையா என்று ஒரு குடிமகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது என்ற பொருளில் 2023 மே மாதம் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று என் மேஜை இழுப்பறையில் எப்போதும் இருக்கும். முதல்வர் கையெழுத்துப் போடத் தயங்கும்போது வெளியே எடுப்பேன்.

விதி வரும்வரை பிள்ளை காத்திருக்காதே. அதனால் எங்கள் வேலை பெரும்பாலும் சில்லறை வேலைதான். எங்கள் தேர்வறை பெஞ்சுகள் மேஜையோடு சேர்த்து இரும்புச் சட்டத்தில் பற்றவைத்தவை. எட்டாம் மாத வயிறு அந்த இடைவெளிக்குள் நுழையாது. ஒரு பெண் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, இடுப்பை முறுக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் அல்ஜீப்ரா எழுதியதைப் பார்த்த பிறகுதான் தனி நாற்காலியும் மேஜையும் கேட்டு வாங்கினோம். தரைத்தளம், கழிப்பறைக்குப் பக்கத்து அறை. இதற்கு எந்தப் பல்கலைக்கழக அனுமதியும் தேவைப்படவில்லை, அட்டெண்டர் அக்கா நினைத்தால் போதும். பிரசவமான பெண் தேர்வெழுத வரும்போது கைக்குழந்தையோடு அவள் அம்மாவும் வருவார். ஒன்பதரைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் ஒரு மணிக்குத்தான் வெளியே வர முடியும், அதற்குள் ஜாக்கெட் நனைந்துவிடும். நடுவில் ஒருமுறை கண்காணிப்பாளர் துணையோடு எழுந்து வந்து பால் கொடுக்க முதன்மைக் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவைப்போம். வேதியியல் மாணவி என்றால் கரிமக் கரைப்பான்களைக் கையாளும் சோதனைகளை அடுத்த பருவத்துக்கு மாற்ற முடியுமா என்று துறையில் கேட்போம். சிலர் மாற்றித் தருவார்கள். 'பயமாயிருந்தா வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே' என்று சொல்கிறவர்களும் உண்டு.

இன்னொரு சிக்கல் தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்ததும் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அம்மா வீடு இரண்டு மாவட்டம் தள்ளி இருக்கும். அந்த நேரத்தில்தான் இன்டர்னல் தேர்வும் செய்முறைத் தேர்வும் வந்து நிற்கும். வளைகாப்புத் தேதி குறிக்கும்முன் தேர்வு அட்டவணையைப் பாருங்கள் என்று மாமியார்களிடம் பேசியிருக்கிறேன். கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் பேசினேன், ஆனால் பஞ்சாங்கத்தையும் அட்டவணையையும் சேர்த்து வைத்துக்கொண்டு எனக்கே நாள் சொன்ன மாமியார்கள் உண்டு. பகுதிச் செவிலியரிடம் பதிவு செய்து, பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கிவிட்டாயா என்று எல்லோரிடமும் கேட்பேன். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்த எண் வேண்டும். மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. பதினெட்டரை வயதில் வந்து நிற்கும் இரண்டாமாண்டு மாணவிக்கு இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

கல்யாணமாகாத பெண் வருவது அபூர்வம். வந்தால் அநேகமாகத் தோழிதான் முதலில் வருவாள். "மேம், எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்துத் தரையைப் பார்ப்பாள். அந்த இடத்தில் கல்லூரி நிர்வாகம் என்ன கேட்கும் என்று எனக்கு மனப்பாடம். பையன் யார், எந்தத் துறை, வீட்டுக்குத் தெரியுமா, ஹாஸ்டலா டேஸ்காலரா. ஒரு வாரம் விசாரணை நடக்கும். பிறகு பெற்றோர் வருவார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதிய விண்ணப்பத்தின் பேரில் டி.சி. கிழிப்பார்கள். பையன் மறுவாரம் வகுப்பில் இருப்பான்.

நான் கேட்கப் பழகிக்கொண்ட கேள்வி வேறு: கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய்? மருத்துவர்கள் கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். மருத்துவக் கணக்கில் அது ஆறாவது வாரம். மாத்திரையால் கலைக்கக்கூடிய காலம் நம் விதிகளின்படி ஒன்பது வாரம் வரை. விசாரணைக் கமிட்டி கூடி, தேதி குறித்து, பெற்றோருக்குத் தபால் அனுப்பும் அவகாசத்தில் அது முடிந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் யாரையாவது விட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் அந்தக் காத்திருப்பில்தான் நடக்கிறது. கரு கருப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் அந்த மாத்திரை பலிக்காது. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஸ்கேன் பார்க்காமல் எதையும் விழுங்காதே என்பதை மட்டும் அதட்டியே சொல்வேன்.

சட்டம் அவள் பயப்படுகிற அளவு கொடுமையானது இல்லை. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை பதிவு பெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலையிலுள்ள பெண்களுக்கு இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அந்த வரிசையிலிருந்து கல்யாணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 வயது நிறைந்தவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். அவள் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கேட்ட மாத்திரத்தில் செய்துகொள்ளும் உரிமை என்று இதைச் சொல்ல முடியாது, மருத்துவர் காரணத்தை ஏற்க வேண்டும். ஆனால் கணவர் கையெழுத்து என்ற ஒன்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஒரு மருத்துவமனையின் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் "வீட்டுக்காரர் வரலையா?" என்று நான்கு பேர் காதில் விழக் கேட்டார்கள். உடன் வந்திருந்த தோழி, பத்தொன்பது வயசுக்காரி, "சட்டத்துல கேக்கச் சொல்லல மேடம்" என்று சொன்னாள். எனக்கு அந்தத் துணிச்சல் அந்த வயதில் இருந்ததில்லை.

கலைப்பதுதான் வழி என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பெற்றுக்கொள்ள விரும்பினால், படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பிரேக் ஆஃப் ஸ்டடி எழுதிக் கொடுத்துவிட்டு, விட்ட செமஸ்டரிலிருந்து மறுசேர்க்கை பெறலாம். டி.சி. வாங்கிவிட்டால் அந்தக் கதவு அநேகமாக மூடிவிடும். அதனால் எந்த அழுத்தத்திலும் டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதே என்பேன். கணவன் பெயர் இல்லாமலும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். தனித்த தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும் என்று 2015-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வளர்க்க முடியாது என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம், மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசமும் உண்டு. மருத்துவமனையிலேயே 'பிள்ளையில்லாத நல்ல குடும்பம்' என்று காதில் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தத்து இல்லை, குற்றம். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 181 பெண்கள் உதவி எண்ணும் 14416 மனநல எண்ணும் இருக்கின்றன.

முதலாண்டு மாணவிகள் விஷயத்தில் என் கைகள் கட்டப்பட்டவை. பிளஸ் டூ முடித்து வருகிறவர்களில் பலருக்கு 17 வயதுதான். 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் தகவல் தந்தே ஆக வேண்டும், சம்மதம், காதல், கல்யாணம் எதுவும் அங்கே கணக்கில்லை. அதனால் அவள் வாயைத் திறக்கும்முன் பிறந்த தேதியைக் கேட்டுவிட்டு, நான் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாதது எது என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு எழுந்து போனவர்களும் உண்டு. போனவர்கள் எங்கே போனார்கள் என்ற நினைப்பு விடுவதில்லை. உச்ச நீதிமன்றத்தின் அந்த 2022 தீர்ப்பு ஒரு சிறிய வாசலைத் திறந்தது: சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவல் தரும் மருத்துவர் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் போன்ற ஆசிரியருக்கு அந்த வாசல் இல்லை.

இப்போது எங்களிடம் அரைப் பக்கத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறது. பதிவு எண், மருத்துவர் குறித்த பிரசவத் தேதி, எந்தெந்தத் தேர்வுகளுக்கு ஏற்பாடு வேண்டும் என்பவை மட்டும். பழைய படிவத்திலிருந்த 'கணவர் பெயர், தொழில்' என்ற வரியை எடுத்துவிட்டோம். அலுவலகம் இன்னும் அதைக் கேட்டு இரண்டு படிவத்தில் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. நான் எதையும் நிரப்பாமல், 'தேவையில்லை' என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி மறுபடி அனுப்புகிறேன்.